ஓநாய் மனிதன் எழுதிய கதைகள்: காமிக்ஸ் எழுத்தாளர் என்னதான் செய்கிறார்?

ஒருவரைக் காமிக்ஸ் எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினால் உடனே வரும் கேள்வி, “அப்போ படம் அவர் போடலையா?” என்பதுதான். போடவில்லை என்றதும் அடுத்தது வரும்: “அப்புறம் என்னதான் செஞ்சாரு? பேசுறவங்க வாய்ப்பக்கம் வசனம் போடுற பலூனுக்குள்ள இருக்கிற அந்த நாலு வரியா?”

நியாயமான சந்தேகம். இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு சொல்வது சுலபம். நான் பிடித்துக்கொள்வது மார்வ் உல்ஃப்மேனை. 1946இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். மார்வெல் நிறுவனத்துக்காக டிராகுலா கதையை ஆறு வருஷத்துக்கும் மேல் எழுதினார். பிறகு டிசி நிறுவனத்துக்குப் போய் டீன் டைட்டன்ஸ் என்ற இளம் சூப்பர்ஹீரோ குழுவின் கதையை அங்கே விற்பனையில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். திகிலிலும் சூப்பர்ஹீரோவிலும் ஒரே கை இப்படி ஓடிய ஆட்கள் குறைவு. போதாததற்கு அவர் பெயரே ‘ஓநாய் மனிதன்’. புனைபெயர் இல்லை, பிறப்பிலேயே வந்த குடும்பப் பெயர். அந்தப் பெயரால் ஒரு வேடிக்கையும் நடந்தது.

அதற்கு முன்கதை கொஞ்சம் வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் திகில் காமிக்ஸ் கொடிகட்டிப் பறந்தது. பெற்றோர்கள் பயந்தார்கள். 1954 ஏப்ரலில் செனட் துணைக்குழு விசாரணையே வைத்தது. இ.சி. காமிக்ஸ் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ் சாட்சி சொல்ல வந்தார். கையில் கோடாரி, மறுகையில் வெட்டிய பெண் தலை என்றிருந்த ஓர் அட்டையைக் காட்டி, “இது ரசனையாக இருக்கிறதா?” என்று கேட்டார்கள். திகில் இதழின் அட்டை என்ற அளவில் இருக்கிறது என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் ரசனைக்கேடு என்று விளக்கமும் கொடுத்தார். அதற்குமேல் அவரை யார் காப்பாற்ற முடியும்? அந்த வருஷமே பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். காமிக்ஸ் கோட் என்பது அதன் பெயர். ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எதுவும் கூடாது. தலைப்பில் ‘திகில்’ என்ற சொல்கூட வரக்கூடாது. கோட் முத்திரை இல்லாத இதழை விநியோகிக்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

இப்போது வேடிக்கைக்கு வருவோம். 1970 வாக்கில் டிசியின் ஒரு மர்ம இதழில் உல்ஃப்மேனின் கதை வந்தது. கதைக்கு முன்னுரை சொல்லும் பாத்திரம், இதைத் தனக்குச் சொன்னவர் ‘ஊர் சுற்றும் ஓர் ஓநாய் மனிதர்’ என்று கிண்டலாக ஒரு வரி பேசியது. தணிக்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்: ஓநாய் மனிதனுக்கு அனுமதி கிடையாது. ஐயா, அது எழுத்தாளரின் நிஜப் பெயர் என்று டிசி விளக்கியது. அப்படியானால் முதல் பக்கத்தில் எழுத்தாளர் பெயர் என்று போட்டுக் காட்டுங்கள் என்றார்கள் அவர்கள். போட்டார்கள். அதுவரை அந்த மர்ம இதழ்களில் யார் எழுதினார் என்று அச்சிடும் வழக்கம் கிடையாது. ஒருவருக்குப் போட்டதும் மற்றவர்களும் எங்கள் பெயரும் வரட்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பெயர் இல்லாமல் எழுதுவது அந்தத் தொழிலில் அவ்வளவு சாதாரணம். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த நம்மில் எத்தனை பேருக்கு கென் புல்மர் என்ற பெயர் தெரியும்? அந்தக் கதையை முதலில் எழுதியவர் அவர்தான். பிரிட்டிஷ் வார இதழ்களும் அந்தக் காலத்தில் எழுத்தாளர் பெயரைப் போடுவதில்லை.

சரி, பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஆள் எழுதுவது என்ன? ஸ்கிரிப்ட். வாசகர் ஒருபோதும் கண்ணால் பார்க்காத எழுத்து அது. ஓவியருக்கு எழுதும் நீண்ட கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைவசம் ஒன்று காட்டுகிறேன். நானே எழுதியது, சுமார்தான், விளக்கத்துக்குப் போதும்.

பக்கம் 5.
கட்டம் 1: இரவு. படிக்கட்டின் அடியிலிருந்து மேலே பார்க்கிறோம். உச்சியில் மூடிய கதவு. கீழ் இடுக்கில் வெளிச்சம். வசனம் இல்லை.
கட்டம் 2: படி ஏறும் சிறுமியின் வெறுங்கால்கள் மட்டும். வசனம்: “அப்பா?”
கட்டம் 3: கைப்பிடியில் அவள் கை. இடுக்கில் இருந்த வெளிச்சம் இப்போது இல்லை.
கட்டம் 4: சிறுமியின் முகம். கதவு திறந்துவிட்டது என்று தெரிகிறது. உள்ளே இருப்பது தெரியவில்லை. அவள் அண்ணாந்து பார்க்கிறாள். அப்பா அத்தனை உயரம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியவை பலூனுக்கு வெளியே இருக்கின்றன. முதலாவது, ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு செயல். புதிதாக எழுதுகிறவர் எல்லோரும், “சிறுமி கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, அலறிக்கொண்டு ஓடுகிறாள்” என்று ஒரே கட்டத்தில் எழுதுவார்கள். ஓவியர் தலையில் கை வைத்துக்கொள்வார். படம் அசையாது. திறப்பது ஒரு படம், பார்ப்பது ஒரு படம், ஓடுவது ஒரு படம்.

இரண்டாவது, பக்க எண். புத்தகத்தைப் பிரித்தால் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் இருக்கும். அதன் கடைசிக் கட்டத்தைப் படித்ததும் தாளைத் திருப்ப வேண்டும். திருப்பும் அந்த ஒரு நொடி எழுத்தாளரின் சொத்து. சினிமாக்காரருக்குப் பின்னணி இசை இருக்கிறது, திடுக்கென்று சத்தம் போடலாம். காமிக்ஸ்காரருக்கு இருப்பது தாள். அதனால்தான் மேலே சொன்ன காட்சி ஐந்தாம் பக்கத்தில் முடிகிறது. நான்காம் பக்கத்தில் முடித்தால் வாசகரின் கண் தானாக எதிர்ப்பக்கத்துக்குத் தாவி பூதத்தை முன்கூட்டியே பார்த்துவிடும். (நடுவில் விளம்பரப் பக்கம் செருகி இந்தக் கணக்கையெல்லாம் கெடுப்பதும் உண்டு. அது வேறு சோகம்.)

இப்போது இதே காட்சியை சூப்பர்ஹீரோ கதையாக மாற்றுவோம். முதல் மூன்று கட்டங்களைத் தொடவே வேண்டாம். நான்காவதில் கேமராவை அறைக்குள் கொண்டுபோங்கள். நமக்கு நெருக்கத்தில் அந்த ஜந்துவின் முதுகு, தூரத்தில் வாசலில் சின்னதாகச் சிறுமி. அவ்வளவுதான் மாற்றம். முதல் வடிவத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைத்தோம். இரண்டாவதில் அதைக் காட்டிவிட்டு, காப்பாற்ற யார் வருவார் என்பதை மறைக்கிறோம். முதலாவதில் தாளைத் திருப்பவே பயம், இரண்டாவதில் திருப்பாமல் இருக்க முடியாது. திகிலும் சூப்பர்ஹீரோவும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நான் நினைப்பது இதனால்தான். உல்ஃப்மேனைப் போல ஒருவர் இங்கிருந்து அங்கே போனபோது புதிதாகத் தொழில் கற்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்கிரிப்ட் எழுத இன்னொரு வழியும் உண்டு. மேலே காட்டியது முழு ஸ்கிரிப்ட். 1960களில் ஸ்டான் லீ ஒரே ஆளாகப் பல இதழ்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாக எழுத நேரம் ஏது? கதைச்சுருக்கத்தை மட்டும் ஓவியரிடம் கொடுப்பார், சில சமயம் வாயாலேயே சொல்வார். எத்தனை கட்டம், எந்தக் கோணம், எங்கே நிறுத்துவது எல்லாம் ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்களின் பொறுப்பு. வரைந்த பக்கங்கள் திரும்பி வந்ததும் வசனத்தை எழுதி ஒட்டுவார். இதற்கு மார்வெல் முறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஓவியர் பாதிக் கதாசிரியராகவும் ஆகிவிடுவதால், யார் எதைப் படைத்தார்கள் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை.

உல்ஃப்மேன் வாழ்க்கைக்குத் திரும்புவோம். சிறுவயதிலேயே காமிக்ஸ் பித்து. நண்பன் லென் வெய்னோடு சேர்ந்து ஜாக் கிர்பியின் வீட்டுக்கே போய் அவர் வரைவதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்த பையன். (இந்த லென் வெய்ன்தான் பின்னாளில் வுல்வரினையும் ஸ்வாம்ப் திங்கையும் உருவாக்கியவர்களில் ஒருவர்.) உல்ஃப்மேன் சொந்தமாக ரசிகர் இதழ்களும் அச்சடித்தார். அதில் ஒன்றில் 1960களின் நடுவில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் திகில் கதை வந்தது. பையன் பெயர் ஸ்டீஃபன் கிங். பிறகு கொஞ்சகாலம் ஓவிய ஆசிரியர் வேலை. 1968இல் டிசியில் எழுத்து வேலை தொடங்கியது.

தொடங்கிய கொஞ்சநாளிலேயே அடி விழுந்தது. அவரும் வெய்னும் சேர்ந்து டீன் டைட்டன்ஸ் இதழுக்கு ஒரு கதை எழுதினார்கள். அதில் ஜெரிகோ என்று ஒரு கறுப்பின சூப்பர்ஹீரோ. வந்திருந்தால் டிசியின் முதல் கறுப்பின ஹீரோ அவன்தான். மேலிடம் மறுத்துவிட்டது. கதையை ஓவியர் நீல் ஆடம்ஸ் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

1971இல் காட்டேரிகளுக்கு நல்ல காலம் பிறந்தது. காமிக்ஸ் கோட் தளர்ந்தது. டிராகுலா, ஃபிராங்கென்ஸ்டைன் போன்றவை இலக்கியம், பள்ளிக்கூடங்களிலேயே படிக்கிறார்கள், ஆகவே அந்த மரபில் எழுதினால் காட்டேரியும் ஓநாய் மனிதனும் வரலாம் என்றார்கள். நடமாடும் பிணத்துக்கு மட்டும் இலக்கிய அந்தஸ்து இல்லை, தடை நீடித்தது. மார்வெல்காரர்கள் ஜோம்பியை ‘ஜுவெம்பி’ என்று பெயர் மாற்றி நடமாட விட்டார்கள்!

கோட் தளர்ந்ததும் மார்வெல் டிராகுலா இதழைத் தொடங்கியது. 1972இல் முதல் இதழ். ஆறு இதழுக்குள் மூன்று எழுத்தாளர்கள் மாறிவிட்டார்கள். ஏழாவதிலிருந்து உல்ஃப்மேன் வந்தார், 1979இல் 70ஆவது இதழோடு தொடர் முடியும்வரை அவரே எழுதினார். ஓவியர் ஜீன் கோலன் முதல் இதழிலிருந்தே இருந்தார். ஜாக் பாலன்ஸ் என்ற நடிகரின் முகத்தை மனதில் வைத்து டிராகுலாவை வரைந்தார். பிறகு 1974இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அதே பாலன்ஸ் டிராகுலாவாக நடித்தது இன்னொரு வேடிக்கை.

எழுத்தாளர் தரப்பில் இருந்து பார்த்தால் இந்தத் தொடர் ஒரு பெரிய தலைவலி. கதாநாயகனே வில்லன். மாதா மாதம் வர வேண்டும் என்பதால் அவன் சாகக்கூடாது. திருந்தவும் கூடாது, திருந்திவிட்டால் யார் வாங்குவார்கள்? அவனை வேட்டையாடுகிறவர்கள் மாதா மாதம் தோற்றுக்கொண்டே இருந்தால் வாசகருக்குச் சலிக்கும். இதற்கு உல்ஃப்மேன் கண்ட வழி, டிராகுலாவைச் சுற்றி ஒரு குடும்பத்தையே கட்டியது. சக்கர நாற்காலியில் கிழட்டுச் சிங்கமாக குவின்சி ஹார்க்கர், மூல நாவலில் டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்கின் வம்சத்தில் வந்த ரேச்சல், டிராகுலாவின் சொந்த வம்சத்திலேயே பிறந்து அவனை வேட்டையாடும் ஃபிராங்க் டிரேக். இவர்களில் சிலர் அவருக்கு முன்பே வந்துவிட்ட பாத்திரங்கள்தான். அவர்கள் தங்களுக்குள் சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் காதலிப்பதும் அவர் கையில்தான் கதையாயிற்று. டிராகுலாவுக்கே ஒரு கட்டத்தில் கல்யாணமாகி மகன் பிறக்கிறான்.

குழுவில் தாஜ் என்றொரு இந்தியரும் உண்டு. வாய் பேச முடியாதவர். அவர் ஊமையாகவும் முரட்டு உடம்போடும் நிற்பதில் அந்தக் கால அமெரிக்கர்களின் இந்தியா பற்றிய கற்பனை அப்பட்டமாகத் தெரிகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தொழில் பாடமாகப் பாருங்கள். பலூனே இல்லாத பாத்திரம். அவர் கோபத்தையும் துக்கத்தையும் எழுத்தாளர் எப்படி எழுதுவார்? ஓவியருக்குத்தான் எழுத முடியும். தாஜின் மகன் காட்டேரிக் கடிபட்டவன். அந்தத் தகப்பன் முகத்தில் கோலன் போட்ட நிழலுக்கு வசனம் தேவைப்படவில்லை.

1974இல் வந்த 25ஆவது இதழ் தனியாகச் சொல்ல வேண்டியது. ஹானிபல் கிங் என்ற தனியார் துப்பறிவாளர் தன் கதையைத் தானே சொல்கிறார். பழைய துப்பறியும் நாவல் தோரணை, மழை, மங்கிய விளக்கு. காட்டேரி வழக்கு ஒன்றைத் துரத்துகிறார். கடைசியில் தெரிகிறது, கதை சொல்லும் அவரே ஒரு காட்டேரி. இரண்டாம் முறை படித்தால்தான் புரியும், எழுத்தாளர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நாம்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கதையின் முடிவை நானே உடைத்துவிட்டேன், மன்னியுங்கள். தெரிந்து படித்தாலும் அது கெட்டுப்போகாது.

இதே தொடரின் பத்தாவது இதழில், 1973 ஜூலை தேதியிட்டதில், மரக்கத்திகளோடு ஒருவன் வந்தான். அவனைப் பெற்றுக்கொண்டிருக்கும்போதே தாயைக் காட்டேரி கடித்துவிட்டது. பெயர் பிளேட். கறுப்பின நாயகன். ஜெரிகோவை வேண்டாம் என்று சொல்லி ஐந்து வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

நடுவில் 1975–76இல் உல்ஃப்மேன் மார்வெலின் தலைமை எடிட்டராகவும் உட்கார்ந்தார். 1980இல் டிசிக்குத் திரும்பினார். ஓவியர் ஜார்ஜ் பெரெஸோடு சேர்ந்து புதிய டீன் டைட்டன்ஸ். மேலே பார்த்தால் பளபளக்கும் சூப்பர்ஹீரோ கதை. தோலை உரித்துப் பாருங்கள். ரேவன் ஓர் அரக்கனின் மகள். கோபப்பட்டால் அப்பன் உள்ளே வந்துவிடுவான் என்பதால் உணர்ச்சியை அடக்கியே வாழ்கிற பெண். சைபார்க் விபத்தில் சிதைந்த பையன். அவன் அப்பாவே பாதி உடம்பை இயந்திரமாக்கி உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார், மகனோ அதற்காக அவரை மன்னிக்க மறுக்கிறான். இரண்டுமே திகில் கதைக் கருக்கள். அரக்கனைத் தோற்கடித்ததும் கதை முடிவதில்லை, சாப்பாட்டு மேஜையில் அப்பாவோடு உட்கார்வது எப்படி என்பதில்தான் இருக்கிறது. டிராகுலா தொடரில் கற்ற அதே குடும்ப வித்தை.

படிக்கட்டு உதாரணம் நினைவிருக்கிறதா? அதன் பெரிய வடிவம் டெர்ராவின் கதை. 1982 கடைசியில் டைட்டன்ஸ் குழுவுக்குள் பதினைந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். பாவப்பட்ட பெண், கொஞ்சம் வாயாடி. பெரெஸ் வேண்டுமென்றே அவளைத் தூக்கலான முன்பற்களோடு, அடுத்த வீட்டுப் பெண் மாதிரி வரைந்தார். முதல் நாளிலிருந்தே அவள் எதிரியின் உளவாளி. எழுத்தாளரும் ஓவியரும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தார்கள். சில மாதங்களில் வாசகருக்கு அந்த உண்மையைக் காட்டிவிடுகிறார் உல்ஃப்மேன். நண்பர்களுக்குத் தெரியாது. 1984 வரை இழுக்கிறார். அவர்கள் அவளுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவதையும் ரகசியங்களைச் சொல்வதையும் மாதா மாதம் நாம் கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜந்துவின் முதுகு நமக்கு நெருக்கத்தில், வாசலில் சிறுமி. காப்பாற்ற யாரும் வரவில்லை. முதுகும் சிறுமியும் ஒரே ஆள் என்பது இன்னும் கொடுமை.

1985–86இல் வந்த 12 இதழ் ‘கிரைசிஸ்’ தொடர்தான் அவர் பெயரை அதிகம் பரப்பியது. டிசி கதைகளில் 1961 முதல் ஒன்றுக்கொன்று இணையான பூமிகள் பெருகிக்கொண்டே போய், எந்த ஹீரோ எந்த உலகம் என்று வாசகர் குழம்பிப்போயிருந்தார்கள். எல்லாவற்றையும் அழித்து ஒரே பூமியாக்கும் கதை. சூப்பர்கேர்ள் செத்தாள், ஃப்ளாஷாக இருந்த பேரி ஆலன் செத்தான். கணக்குப்பிள்ளை வேலையைக் காவியமாக எழுதிக் காட்டியது சாமர்த்தியம்தான். எனக்கு டெர்ரா கதையின் ஒரு இதழ் இந்தப் பன்னிரண்டையும் விடப் பெரிது.

திகிலை அவர் விடவும் இல்லை. 1982இல் கோலனோடு மறுபடி சேர்ந்து ‘நைட் ஃபோர்ஸ்’ என்று சூப்பர்ஹீரோவே இல்லாத திகில் தொடர் ஒன்றைத் தொடங்கினார். 14 இதழ்களில் நின்றது. டைட்டன்ஸ் விற்றுக்கொண்டிருந்த அதே சமயத்தில், அதே எழுத்தாளர்.

காசு விஷயம் பேசாமல் முடிக்க முடியாது. அந்தக் காலத்தில் காமிக்ஸ் எழுத்தாளருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. எழுதிக் கொடுத்ததும் பாத்திரம் நிறுவனத்தினுடையது. ‘கூலிக்குச் செய்த படைப்பு’ என்பது சட்டச் சொல். 1978இல் அமெரிக்காவில் புதிய காப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்தபிறகுதான் எழுத்துமூல ஒப்பந்தம் என்பதே கட்டாயத் தேவையாயிற்று. 1981 வாக்கில் டிசி, ஒரு லட்சம் பிரதிக்கு மேல் விற்றால் ராயல்டி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிளேட் பிறந்தது இதற்கெல்லாம் முன்னால். 1998இல் வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்து அது படமாகி நன்றாக ஓடியது. பாத்திரங்கள் தன்னுடையவை என்று உல்ஃப்மேன் மார்வெல் மீது வழக்குப் போட்டார். 2000இல் தீர்ப்பு மார்வெல் பக்கம் போயிற்று. படத்தின் பெயர்ப் பட்டியலில் பாத்திரத்தைப் படைத்தவர்கள் என்று அவர் பெயரும் கோலன் பெயரும் இருக்கின்றன.

எழுத்தாளர் வேலையைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் ஒன்று செய்யுங்கள். கையில் இருக்கும் ஏதாவது ஒரு காமிக்ஸை எடுத்து, பலூன்களை விரலால் மறைத்துக்கொண்டு ஒருமுறை புரட்டுங்கள். கதை புரிந்தால் அங்கே எழுத்தாளர் இருக்கிறார். பிறகு வலப்பக்கங்களின் கடைசிக் கட்டங்களை மட்டும் பாருங்கள்: என்ன காட்டியிருக்கிறது, எதை அடுத்த தாளுக்கு ஒளித்திருக்கிறது. கடைசியாக விரலை எடுத்துவிட்டு வசனத்தைப் படியுங்கள். படத்தில் ஏற்கெனவே தெரிவதையே வசனமும் சொன்னால், புத்தகத்தை மூடிவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.